பந்து என்று சொன்ன ஊர்

ஜூன் மாத வெயில் காலை எட்டு மணிக்கே முதுகைச் சுட்டது. இன்ஷிராஹ் மொட்டை மாடியில் மண்தட்டுகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டை மாவை வைத்துக்கொண்டிருந்தாள். வெயிலில் பொங்கவிட்டு, பிறகு மண் அடுப்பில் சுட்டெடுக்கும் ரொட்டி அது. நஸ்லத் ஹம்தூன் கிராமத்தில் இருபது வீடுகளுக்கு அவள் கை ரொட்டிதான். பெண்கள் காலையில் மாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள், பகலில் ரொட்டியாக எடுத்துக்கொள்வார்கள், போகும்போது அவளுக்கென்று சிலவற்றை விட்டுச் செல்வார்கள். புருஷன் லிபியாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவன் அனுப்பும் பணம் ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. அடுப்பு எரிந்தால்தான் அவளும் மகள் நவ்வாராவும் சாப்பிட முடியும்.

கீழே வாசலில் இருமல் கேட்டது. அது ஹாஜ் கலஃபல்லாவின் இருமல் என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் வருமுன் மரியாதைக்காக இருமுவார். கூட்டத்தில் யாராவது வேண்டாததைப் பேச ஆரம்பித்தால் அப்போதும் இருமுவார். ஊர் நிலத்தில் பாதி அவருடையது, வாய்க்கால் மதகின் சாவியும் அவரிடம்.

"உம்மு நவ்வாரா!" என்று, நவ்வாராவின் அம்மா என்ற பொருளில் கூப்பிட்டார். "நாளைக்குப் புள்ளைங்களுக்குப் பரீட்சை. மேற்பார்வைக்கு ஆத்துக்கு அக்கரையிலருந்து அஞ்சு பேர் வர்றாங்க. நாப்பது ரொட்டி போட்டுடு. நல்லா பொங்கணும். போன வருஷம் ஒருத்தர் ரொட்டியக் கையில எடுத்து, 'இது யாரோட செருப்பு?'ன்னு கேட்டுட்டாரு."

"போன வருஷம் போட்டது நான் இல்ல ஹாஜ். உங்க மருமக."

ஹாஜ் வயிறு குலுங்கச் சிரித்தார். இன்ஷிராஹும் சிரித்தாள். அவர் சிரித்தால் எல்லோரும் சிரித்துவிடுவது வழக்கம்.

நாற்பது ரொட்டி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஒருவர் கொடுத்த ரொட்டியையும் உப்பையும் தின்றுவிட்டால் அவருக்கு எதிராகக் கை தூக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் போலீஸ் சட்டத்தைவிடக் கெட்டி. ஆகையால் மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சாப்பாடு. வாத்து, தேன், வெண்ணெய் சொட்டும் மடிப்பு ரொட்டி. அவர்கள் தின்று முடித்துக் கை துடைக்கும் நேரத்தில் பள்ளிச் சுவருக்கு வெளியே ஹாஜின் வண்டியில் ஒலிபெருக்கி ஏறியிருக்கும். வினாத்தாள் யாராவது ஒருவருடைய போனில் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். பிறகென்ன, கேள்விக்கு ஒரு பதிலாக ஊரே கேட்கும்படி வாசிப்பார்கள். மேற்பார்வையாளர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள்.

இதைத் திருட்டு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, அடிக்க வந்துவிடுவார்கள். நஸ்லத் ஹம்தூனில் எவனும் அடுத்தவன் கோழியைத் தொடமாட்டான். இது புள்ளைகளுக்கு உதவி, அவ்வளவுதான்.

ஹாஜ் புறப்படும்போது நவ்வாரா விறகுக் கட்டோடு உள்ளே வந்தாள். பதினைந்து வயது. ஒல்லி உடம்பு, நேர்ப் பார்வை.

"என்னம்மா நவ்வாரா, நாளைக்குக் காதை நல்லா தொறந்து வெச்சுக்க. உனக்கும் சேத்துத்தான் மைக்."

"எனக்கு மைக் வேணாம் ஹாஜ். நான் படிச்சுட்டேன்."

இன்ஷிராஹ் மகளின் முழங்கையைக் கிள்ளினாள். ஹாஜ் மறுபடியும் சிரித்தார். ஆனால் இந்தத் தடவை வயிறு குலுங்கவில்லை.

"படிச்சவளுக்கும் காது இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ரொட்டிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இன்ஷிராஹ் தலைமையாசிரியர் அறைக்குப் போனபோது ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு ஆண்கள். ஐந்தாவது ஒரு பெண். வஸீமா என்று பெயர், முப்பது வயது இருக்கும். கைப்பையிலிருந்து சொந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள்.

"சாப்பிடுங்க அப்லா" என்றார் ஹாஜ். எங்கள் ஊரில் ஆசிரியைகளை அப்படித்தான் கூப்பிடுவோம். "ஒரு வாய். இல்லன்னா ஊர்க்காரங்க மனசு நோகும்."

"நோகக் கூடாதுதான் ஹாஜ். கடைசிப் பரீட்சை முடியட்டும். உங்க வீட்டுக்கே வந்து உக்காந்து சாப்பிடறேன்."

"ரொட்டி ஆறிடுமே."

"ஆறட்டும்."

வாத்துக் காலைக் கடித்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு சத்தம் வராமல் மென்றார். இன்ஷிராஹ் கூடையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். ரொட்டியைத் தொடாத மனுஷி எதையும் செய்வாள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

மணியடித்துக் கால் மணி நேரம் ஆனதும் ஒலிபெருக்கி சரியான விடையின் எழுத்தைச் சொல்லிக் கரகரத்தது. "முதல் கேள்விக்கு அலிஃப். ரெண்டாவதுக்கு ஜீம். மூணாவது... இரு இரு, மூணாவது மாத்திச் சொல்லிட்டேன்..." சுவரோரம் நின்ற தாய்மார்கள் முணுமுணுவென்று வாழ்த்தினார்கள். அந்த நேரம் பார்த்து வஸீமா அப்லா வகுப்பறை ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் உருவம் நகர்ந்து நகர்ந்து வருவது வெளியிலிருந்து தெரிந்தது.

"புள்ளைங்க மூச்சுமுட்டிச் சாகட்டும்னு பாக்கறாளா?" என்று ஒருத்தி கத்தினாள். "தொறடீ!" என்று இன்னொருத்தி. கூட்டம் முன்னால் நகர்ந்தது. ஹாஜின் மகன் ஷாஸ்லி வண்டியிலிருந்து குதித்தான். இருபத்துநாலு வயது, வாய் எப்போதும் தர்பூசணி விதை கொறிக்கும். வாய்க்கால் கரையில் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். கையில் ஒருமுறை புரட்டிப் பார்த்தான். எறிந்தான்.

கண்ணாடி உடைந்தது. உள்ளே பிள்ளைகள் அலறினார்கள்.

ஷாஸ்லி கையை அங்கியில் துடைத்துக்கொண்டான். முப்பது பெண்கள் அங்கே நின்றார்கள். முப்பது பேரும் பார்த்தார்கள். அடுத்த நொடியே ஒருத்தி வானத்தைப் பார்த்தாள், ஒருத்தி பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிட்டாள். இன்ஷிராஹ் வெறும் கூடைக்குள் இருந்த துணியை எடுத்து உதறி மடித்தாள், மறுபடி உதறி மடித்தாள்.

கல் வஸீமா அப்லாவின் புருவத்துக்கு மேல் பட்டிருந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. அவள் முக்காட்டின் நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எழுதுங்க. நேரம் போகுது" என்றாள். அவள் அறையை விட்டுப் போகவில்லை. முன்வரிசையில் இருந்த நவ்வாராவின் விடைத்தாளில் மூன்று சொட்டு விழுந்தது. கல் உருண்டு வந்து அவள் பெஞ்சுக்கு அடியில் நின்றது. மணியடித்ததும் அப்லா எல்லாத் தாள்களையும் வாங்கி எண்ணிக் கட்டினாள். போலீஸ் வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

அன்று மாலையே தலைமையாசிரியர் அறிக்கை எழுதிவிட்டார். தெருவில் பையன்கள் விளையாடிய பந்து ஜன்னலில் பட்டு, உடைந்த கண்ணாடி மேற்பார்வையாளருக்குக் காயம் ஏற்படுத்தியது என்று. கல்லைத் தூக்கி வாய்க்காலில் போட்டாகிவிட்டது. ஆனால் அப்லா கல் என்று புகார் கொடுத்திருந்தாள், அதனால் வியாழக்கிழமை விசாரணைக்கு ஓர் அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. கல் என்று நிரூபணமானால் இந்த ஊர்ப் பரீட்சை ரத்தாகும், பிள்ளைகள் அக்கரைக்குப் போய்ப் புதிதாக எழுத வேண்டும், ஷாஸ்லி ஜெயிலுக்குப் போவான். ஹாஜ் வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லா வீட்டிலும் டீ குடித்தார். எல்லா வீட்டிலும் 'பந்து' என்று சொல்லிக் கொடுத்தார்.

இன்ஷிராஹ் வீட்டில் மட்டும் டீயைத் தொடவில்லை.

"உன் பொண்ணு முன்வரிசை. அவளைத்தான் முக்கியமா கேப்பாங்க" என்றார். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "நல்ல பொண்ணு. அடுத்த வருஷம் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போவா. தெனமும் வாய்க்கா வரப்புல ஒத்தையில நடக்கணும், படகு ஏறணும், சாயங்காலம் திரும்பி வரணும். பொம்பளப் புள்ள. ஆம்பளத் துணையும் ஊர்ல இல்ல. நாங்கதான் பாத்துக்கணும், இல்லியா?"

"ஆமா ஹாஜ்."

"பாத்துக்குவோம்."

அவர் போன பிறகு இன்ஷிராஹுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மறுநாள் காலை மாவு கொண்டுவரும் இருபது பெண்களில் ஒருத்திகூட வரவில்லை. மாடியில் மண்தட்டுகள் வெறுமையாகக் காய்ந்தன. பகலில் ஷாஸ்லியின் மோட்டார் சைக்கிள் வாசலுக்கு வந்து, போகாமல், எஞ்சினை உறுமவிட்டபடி வெகுநேரம் நின்றது. அது போன பிறகு அவள் கதவைத் திறந்தாள். படியில் சுட்டுத் தீர்ந்த தோட்டா உறை ஒன்று நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து, விழாதபடி பார்த்து வைத்திருக்கிறார்கள். அதை எடுத்தபோது வெயிலில் காய்ந்த பித்தளை அவள் விரலைச் சுட்டது.

லிபியாவுக்குப் போன் போட்டாள். நாலாவது தடவை கிடைத்தது.

"பந்துன்னு சொல்லச் சொல்லு" என்றான் புருஷன். "நான் இங்கருந்துக்கிட்டு என்ன பண்ண முடியும்? பந்துன்னு ஒரு வார்த்தை, வாய் வலிக்குமா?"

அடுப்படியில் நவ்வாரா பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளும் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்டாலும் கரண்டி நின்றுவிடும்.

"நவ்வாரா, நாளைக்கு என்ன சொல்லப் போறே?"

அவள் பருப்பையே கிளறிக்கொண்டிருந்தாள்.

"பந்துன்னு சொல்லிடு. உன் கால்ல விழறேன். ஊரே சொல்லுது, நீ ஒருத்தி சொன்னா என்ன கொறஞ்சுபோகும்?"

"யம்மா, அந்தக் கல்லு என் காலுக்கிட்ட வந்து நின்னுச்சு. அப்லா ரத்தம் என் பேப்பர்ல விழுந்துச்சு. நான் அதைத் தொடைக்கப் போனேன், அவங்க 'வேணாம், நீ எழுது'ன்னாங்க."

"அவ யாரு உனக்கு? நாளைக்கு அவ வந்து உன்னைப் படகுல கூட்டிட்டுப் போவாளா?"

"மாட்டாங்க."

"அப்புறம்?"

"எனக்குப் பயமாத்தான் இருக்கு யம்மா. ரொம்பப் பயமா இருக்கு. ஆனா பந்துன்னு சொல்ல வாய் வரலியே. பொய் சொல்லாதேன்னு நீதானே..."

இன்ஷிராஹ் அறைந்தாள். பதினைந்து வருஷத்தில் முதல் அறை. பெண் அழவில்லை, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். அழுதது இன்ஷிராஹ்தான். இவளை நான்தான் கெடுத்தேன் என்று நினைத்தாள். பொய் சொல்லாதே, அடுத்தவர் பொருளைத் தொடாதே, நேரா நில் என்றெல்லாம் சின்ன வயதிலிருந்து காதில் ஓதினேனே, அதில் பாதியாவது இவள் காதில் விழாமல் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். ஒரு தாய் நினைக்கக் கூடாத நினைப்புதான். பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தால் நினைப்பு அப்படித்தான் ஓடும்.

வியாழக்கிழமை காலை அதே வகுப்பறையில் விசாரணை நடந்தது. உடைந்த ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருந்தார்கள். சிறு பிள்ளைகள் என்பதால் பெற்றவர்கள் உடன் இருக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். பின்பெஞ்சுகளில் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி வழுக்கைத் தலையர், வெயிலில் வாடி வந்திருந்தார். நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஹாஜ் வைத்த பழச்சாறு இருந்தது. ஷாஸ்லி வெளியே, திறந்த ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு விதை கொறித்தான். தோலை உள்ளே துப்பினான்.

"ஜன்னல்ல பட்டது என்ன?"

"பந்து" என்றான் முதல் பையன்.

"பந்து" என்றாள் அடுத்த பெண்.

"என்ன நெறம்?" என்று அதிகாரி சாதாரணமாகக் கேட்டார்.

இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெண் திகைத்து, "வெள்ளை" என்றாள்.

அடுத்தது பக்ரி. இன்ஷிராஹின் பக்கத்து வீட்டு பஹீயாவின் மகன். அவன் முந்திக்கொண்டு, "சிவப்புப் பந்து சார்!" என்றுவிட்டான். சொல்லிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். பஹீயா அவசரமாகத் தலையாட்டினாள். ஹாஜ் இருமினார். அதற்குப் பிறகு வந்த ஏழு பேரும் சிவப்பும் வெள்ளையும் கலந்த பந்து என்றார்கள். வேறொரு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. விதை உடையும் சத்தம் மட்டும் நறுக் நறுக்கென்று கேட்டது.

"நவ்வாரா."

அவள் எழுந்தாள். முந்தைய நாள் அம்மா அறைந்ததில் கன்னம் இன்னும் கன்றியிருந்தது. பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதேம்மா. பந்துதானே?" என்றார் அதிகாரி. அவருக்கும் சீக்கிரம் முடித்துவிட்டு வெயில் உச்சிக்கு ஏறுமுன் படகேற வேண்டும்.

ஜன்னலில் விதைச் சத்தம் நின்றது.

"கல்லு" என்றாள் நவ்வாரா.

யாரோ மூச்சை இழுத்தார்கள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன சொன்னே?"

"கல்லு சார். இவ்வளவு பெருசு. என் காலுக்கிட்ட வந்து விழுந்துச்சு."

"எறிஞ்சது யாரு?"

"நான் பாக்கல. எழுதிக்கிட்டிருந்தேன்."

ஹாஜ் எழுந்தார். முகத்தில் கோபமே இல்லை, இரக்கம்தான் இருந்தது. "பாத்தீங்களா சார்? எறிஞ்சவனைப் பாக்கலியாம், கல்ல மட்டும் பாத்தாளாம். அந்தக் கல்லு இப்ப எங்கே? பறந்து போச்சா? புள்ள பயந்துபோய் உளறுது. அப்பன் ஊர்ல இல்லாத புள்ள, கண்டிக்க ஆளில்ல." பிறகு பின்பெஞ்சைக் காட்டினார். "அதோ அவ அம்மா. அன்னிக்குச் சுவத்தோரமா வெளியதான் நின்னா. பொய் பேசாத பொம்பள, ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. அவளையே கேட்டுடுங்க சார், முடிஞ்சுது."

இத்தனை வருஷம் ஊரை ஆண்ட மனிதர் செய்த ஒரே தப்பு அது. இருபது வீட்டு மாவை ஒரே நாளில் நிறுத்தியவர், தோட்டா உறையை வாசலில் வைக்கச் சொன்னவர், அவள் பயந்துவிட்டாள் என்று முழுசாக நம்பினார். நம்பியதிலும் தப்பில்லை. அவள் உண்மையாகவே பயந்துதான் இருந்தாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. இன்ஷிராஹ் கணக்குப் போட்டாள். 'பந்து' என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நாளைக்கு மாவு வரும். படகுத்துறைக்குப் போகும் பாதையில் யாரும் மறிக்க மாட்டார்கள். பெண்மேல் மட்டும் பொய்க்காரி என்று எழுதப்படும், அது ஒரு நோட்டில் ஒரு வரி. சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். அப்போது நவ்வாரா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். அதில் கெஞ்சல் இல்லை. 'பரவாயில்ல யம்மா, உன்னால முடியாது, எனக்குத் தெரியும்' என்பதுபோலப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பதினைந்து வயதுப் பெண் தாயை மன்னித்துவிட்டாள். தோட்டா உறையைத் தாங்கிய இன்ஷிராஹால் அந்த மன்னிப்பைத் தாங்க முடியவில்லை.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கல்லுதான் சார்."

ஹாஜ் இருமினார். அறையில் எல்லோருக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டது. இருந்தாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"எறிஞ்சது ஷாஸ்லி. ஹாஜோட மகன். அதோ நிக்கறான். வாய்க்கா கரையில எடுத்தான், கையில பொரட்டிப் பாத்துட்டு எறிஞ்சான், அப்புறம் கையை அங்கியில தொடச்சுக்கிட்டான். நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டு மூணு நாளா பாக்காத மாதிரி இருந்தேன். என் பொண்ணையும் பொய் சொல்லச் சொல்லி அடிச்சேன். அதையும் எழுதிக்குங்க."

அதிகாரியின் பேனா தாளுக்கு மேல் அப்படியே நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்தார். ஹாஜைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு, அவரும் இந்த ஊர் வரப்பில் நடந்துதான் படகேற வேண்டும். பழச்சாற்றுக் கோப்பையை மெதுவாகத் தள்ளி வைத்தார். பிறகு எழுதினார். எழுதி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

"கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"பேர் எழுதத் தெரியும். இவதான் சொல்லிக் கொடுத்தா."

எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஆனாலும் முழுப் பெயரையும் எழுதினாள். அவள் பேனாவை வைத்தபோது ஜன்னலில் ஷாஸ்லி இல்லை. மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

தாயும் மகளும் வாய்க்கால் வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். நடுப்பகல். வழியில் திறந்திருந்த கதவுகள் அவர்கள் நெருங்கும்போது சாத்திக்கொண்டன. நவ்வாராவின் விரல்கள் அம்மாவின் விரல்களுக்குள் ஐஸ் மாதிரி இருந்தன.

"யம்மா, உனக்குப் பயமா இல்லியா?"

"இல்லாமலா? நடக்கறது என் காலுதானான்னே தெரியல."

"எனக்கும்தான்."

பின்னால் மோட்டார் சைக்கிள் வந்தது. பெண் ஓடப் பார்த்தாள். இன்ஷிராஹ் விடவில்லை. ஓடினால் விழுந்துவிடுவோம் என்று பயம், அதனால்தான் நடந்தாள். அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் பிற்பாடு அவள் ராணி மாதிரி நடந்தாள் என்றார்கள். வண்டி அவர்களை உரசிக்கொண்டு போயிற்று. புழுதி அடங்கியபோது ஷாஸ்லி வளைவைத் தாண்டிவிட்டான். திரும்பி வருவான் என்று இருவருக்கும் தெரியும். இன்று வராவிட்டால் நாளை வருவான்.

வீட்டு வாசலில் பஹீயா காத்திருந்தாள். அவள் கதவைச் சாத்தவில்லை, சண்டை போட வேண்டியிருந்ததே. பின்னால் பக்ரி நின்றான்.

"ஏண்டி இன்ஷிராஹ், ஒனக்கென்ன பைத்தியமா? சின்னப் பொண்ணு புத்தி கெட்டுப் பேசினா பெத்தவதானே அடக்கணும்? நீயும் எழுந்து கூடச் சேந்து ஆடறியே! என் புள்ள மறுபடி அக்கரைக்குப் போய் எழுதணுமாம். ஹாஜ் இனி உங்களை வாழ விடுவாரா? இதுதான் நீ புள்ள வளத்த லட்சணமா?"

இன்ஷிராஹ் சாவியை எடுத்தாள். நவ்வாரா சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு கால் வைத்த பிறகுதான் இன்ஷிராஹ் திரும்பினாள்.

"பஹீயா, நேராவே சொல்றேன், கோவிச்சுக்காதே. பொய் சொல்லாதே, யாருக்கும் பயப்படாதேன்னு பதினஞ்சு வருஷம் இவளுக்கு ஓதினேன். உக்காந்த எடத்துல ஓதினேன், ஒரு கஷ்டமும் இல்ல. இன்னிக்கு இவ எழுந்து நின்னா. நான் மட்டும் உக்காந்தே இருந்திருந்தா, நான் சொன்னது அத்தனையும் பொய்யின்னு இன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டிருப்பா. அப்புறம் சாகற வரைக்கும் எதுக்கும் எழுந்து நிக்க மாட்டா."

"அதுக்காக..."

"உன் பக்ரி சிவப்புப் பந்துன்னு சொல்லிட்டு யாரைப் பாத்தான்? உன்னைத்தான் பாத்தான். நீ தலையாட்டினே. நேத்து வரைக்கும் நானும் அதைத்தான் பண்ணேன், உன்னை மட்டும் சொல்லல."

 பஹீயாவின் பின்னால் பக்ரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காதுவரை சிவந்திருந்தான்.

"நாம என்ன புத்தி சொல்றோம்னு புள்ளைங்க கேக்கறதே இல்லடி" என்றாள் இன்ஷிராஹ். "பயத்துல நடுங்கற நேரத்துல நாம என்ன பண்றோம்னுதான் பாக்குதுங்க."